பாட்டத்துக்கு எடுத்த நினைவகம்

எல்லை என்று ஒன்று இருந்தால் அது இயற்கையிலிருந்தோ எந்திரத்திலிருந்தோ வந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். மரக்கால் நிறைந்தால் நெல் வழியும். அதில் யாருடைய சதியும் இல்லை. ஆனால் அதிகாரத்தின் வரலாற்றில் பெரும்பாலான எல்லைகள் பத்திரத்தில் எழுதப்பட்டவை. எழுதினவன் ஒருத்தன், அதற்குள்ளே கிடந்து பிழைக்கிறவன் இன்னொருத்தன். கம்ப்யூட்டரின் நினைவக எல்லையும் இப்படித்தான் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அதைத் திற்பரப்பிலிருந்து தொடங்கலாம். பயன்படுத்துவதும் சொந்தமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தப் பகுதி மண் ரொம்ப காலம் முன்பே கண்டறிந்திருக்கிறது.

1

திற்பரப்பை வெளியூர்க்காரர்களுக்கு அருவியால் தெரியும். சிவராத்திரிக்கு ஓடுகிறவர்களுக்கு அது பன்னிரண்டு சிவாலயங்களில் மூன்றாவது. 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணையும்வரை கோதையாற்றங்கரை முழுக்கத் திருவிதாங்கூர் நிலவுரிமை முறைக்குள் இருந்தது. அரசு நிலம் பண்டாரவகை. பத்மநாபசுவாமி கோயிலுக்குரியது ஸ்ரீபண்டாரவகை. மற்றது ஜென்மி நிலம். பயிர் செய்தவன் கையில் இருந்ததோ காணம், ஒற்றி, வெறும்பாட்டம் என்று விதவிதமான காகிதங்கள். நிலம் ஒன்றுதான். காகிதம் மாறினால் அதில் என்ன செய்யலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பதெல்லாம் மாறிவிடும்.

1865இல் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசு நிலத்துப் பாட்டக்காரனுக்கு உடைமை உரிமை தந்தது. அவன் விற்கலாம், கைமாற்றலாம். ஜென்மி நிலத்துக் குடிகளை இஷ்டம்போல இறக்கிவிடக் கூடாது என்று 1867இல் ஒரு விளம்பரம். 1896இல் ஜென்மி-குடியான் சட்டம். ஸ்ரீபண்டாரவகை நிலங்களை ரயத்துவாரியாக்க 1964இல் தமிழகச் சட்டமன்றம் தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது. பாட்டம் உடைமையாக மாற ஒரு நூற்றாண்டு. இதிலும் யார் விடுபட்டார்கள் என்று பார்க்கணும். அடிமைமுறை 1855இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் வயலில் இறங்கி வேலை செய்த சாதிகளுக்கு, கையில் பாட்டக் காகிதமே இல்லாததால், 1865இன் உடைமையில் பங்கில்லை.

2

கம்ப்யூட்டர் இந்தியாவுக்கு வந்தபோதும் பாட்டமாகத்தான் வந்தது. ஐபிஎம் தன் எந்திரங்களைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. மேற்கே பழசாகிப்போன 1401 வகை எந்திரங்கள் இங்கே புதுக்கப்பட்டு வாடகை ஈட்டின. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்குகளைக் குறைக்கச் சொன்னபோது ஐபிஎம் மறுத்து, 1978இல் நாட்டைவிட்டே போயிற்று. அந்த எந்திரங்களைப் பராமரிக்கும் வேலை அரசின் சிஎம்சி நிறுவனத்திடம் வந்தது. ஜென்மி போனபிறகுதான் கிணற்றின் ஆழம் குடியானவனுக்குத் தெரிகிறது என்பதுபோல, நம் பொறியாளர்கள் எந்திரத்தைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்ட காலம் அது.

பிற்பாடு எந்திரம் விற்பனைக்கு வந்தது. பாட்டம் ஒழிந்ததா? இல்லை. இரும்பிலிருந்து இறங்கி மென்பொருளுக்குள் குடியேறியது. பெட்டி உங்களுடையது, அதை இயக்குகிற விண்டோஸ் உங்களுடையதல்ல, உரிமம் மட்டும்தான் உங்களுடையது.

1996இல் மைக்ரோசாஃப்ட் என்டி 4.0 என்பதை ‘வொர்க்ஸ்டேஷன்’, ‘சர்வர்’ என்று இரண்டு விலையில் கொண்டுவந்தது. மலிவானதில் பத்து இணைப்புக்குமேல் போகவிடாத ஒரு தடை சோதனைப் பதிப்பில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிரலிலிருந்து தடையை எடுத்தார்கள். உரிமப் பத்திரத்தில் வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் டிம் ஓ’ரெய்லியும் ஆண்ட்ரூ ஷுல்மனும் இரண்டின் கருவும் ஒன்றே, சில அமைப்புக் குறிப்புகளே வேறு என்று காட்டினார்கள். பத்து என்ற எண் எந்திரத்தின் பலவீனமல்ல, விலைப்பட்டியலின் வாக்கியம்.

3

இங்கேதான் ‘டவுன்கிரேடு உரிமை’ வருகிறது. ஒரு அலுவலகம் 2012 வாக்கில் புது சர்வர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 64 ஜிபி நினைவகம். கூட வாங்கிய உரிமம் விண்டோஸ் சர்வர் 2012 ஸ்டாண்டர்டு. அது 4 டிபி வரை நினைவகத்தை ஏற்கும். ஆனால் அவர்களுடைய கணக்கு மென்பொருள் 2008 ஆர்2இல்தான் ஓடும். பரவாயில்லை, பழையதைப் போட்டுக்கொள்ளலாம் என்று உரிமம் அனுமதிக்கிறது. போடுகிறார்கள். திரையில் என்ன வருகிறது? 64 ஜிபி இருக்கிறது, பயன்படுவது 32. ஏன்னா 2008 ஆர்2 ஸ்டாண்டர்டின் எல்லை 32 ஜிபி. புதுசுக்குக் காசு கொடுத்தாச்சு. பழசின் வேலி கூடவே வந்தாச்சு.

அதே 2008 ஆர்2இன் எண்டர்பிரைஸ் பதிப்போ 2 டிபி வரை போகும். 2012இல் எண்டர்பிரைஸ் என்ற பதிப்பையே நீக்கிவிட்டதால், 2012 ஸ்டாண்டர்டு வைத்திருப்பவர் பழைய எண்டர்பிரைஸையும் ஓட்டலாம். ஆக, அதே பெட்டி, அதே கரு. எந்தச் சாவி எண்ணைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்து பாதி நினைவு தூங்கும் அல்லது விழிக்கும். காணமா, வெறும்பாட்டமா என்பதைப் போலத்தான். இந்த விவரம் தெரியாத அலுவலகம் பாதி நினைவகத்தைச் சும்மா போட்டுவைக்கும். ‘உரிமை’ என்று பெயர் சூட்டப்பட்ட சலுகை, படிக்கத் தெரிந்தவனுக்கே பலிக்கிறது. அதற்கும் ஆயுள் உண்டு: 2008 ஆர்2க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது.

4

இந்த வேலி ஏழை நாடுகளுக்கென்று தனியாகவும் நெய்யப்பட்டது. 2005இல் இந்தி மொழியில் இந்தியாவுக்கு வந்த எக்ஸ்பி ஸ்டார்ட்டர் பதிப்பில் ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள்களுக்குமேல் திறக்க முடியாது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கு 2 ஜிபிதான் எல்லை. ஏழைக்கு மூன்று சன்னல் போதும் என்று தீர்மானித்தது யார்?

மாற்று முயற்சிகள் இல்லாமலில்லை. 1956இல் இழுத்த கோட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம், விவாதங்களுக்குப் பின் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. இந்தப் பக்கம், உமாசங்கர் தலைமையில் எல்காட் 2006க்குப் பிறகு லினக்ஸ் பக்கம் திரும்பியது. 2011இல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியிலோ பாஸ் லினக்ஸோடு விண்டோஸும் சேர்ந்தே வந்தது. ஒரே திருவிதாங்கூராய் இருந்த மண்ணில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான பாட்டம்.

லினக்ஸ் வந்தால் விடுதலை வந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. உடைமை கிடைத்தபோதும் வயலில் நின்றவர்கள் வெளியே விடப்பட்டதை 1865 காட்டுகிறது. நிரலைத் திறந்து வைத்தால் போதாது. அதைப் படிக்கிற கைகள் எந்தத் தெருக்களிலிருந்து வரும் என்பதும் சேர்ந்த கேள்வி.

போராடி வாங்கிய பட்டா இன்று காகிதத்தில் மட்டும் இல்லை. அது கணினியில் இருக்கிறது. அந்தக் கணினி யாருடைய பாட்டத்தில் ஓடுகிறது, எந்தப் பதிப்பில், என்ன நிபந்தனையில், எப்போது காலாவதி? 2005இன் தகவல் உரிமைச் சட்டப்படி எந்த அலுவலகத்திலும் ஒரு மனு போட்டுக் கேட்கலாம். நிலத்தின் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட இயக்கங்கள் இந்தக் காகிதத்தையும் படித்தாக வேண்டும்.