நக்கவாரத்துச் சைக்கிள்காரர்கள்

கால் தரையில் படாமல் நாட்கணக்கில் சைக்கிள் ஓட்டும் வித்தைக்காரரை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தின் நடுவே ஒரு கம்பம், அதில் ஒலிபெருக்கி, அதைச் சுற்றி ஓயாமல் வலம்வரும் ஒரு மனிதர். உண்பதும் குளிப்பதும் சைக்கிள்மேல்தான். அவருடைய கலையின் சாரம் நில்லாமை. அதற்கு நேர்மாறான ஒரு சைக்கிள் கலை உலகில் உண்டு. அதில் நிற்கத் தெரிந்தவனுக்கே வெற்றி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் அரையிறுதி ஒன்றில் இத்தாலியின் ஜியோவான்னி பெத்தெனெல்லாவும் பிரான்சின் பியர் த்ரந்தனும் ஓடுதளத்தின் சரிவில் 21 நிமிடம் 57 வினாடிகள் ஒருவரையொருவர் பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். கால் பெடலில், சைக்கிள் நின்ற நிலையில். முதலில் நகர்ந்தவர் தோற்பார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் பெத்தெனெல்லா.

இதுதான் ஸ்பிரிண்ட். பெயர் வேகத்தைக் குறித்தாலும் ஆட்டம் பெரும்பாலும் பொறுமையினாலானது. தட்டின் விளிம்புபோல் உயர்ந்து சரிந்திருக்கும் 250 மீட்டர் மரத்தளம், இரண்டே போட்டியாளர்கள், மூன்று சுற்றுகள். முன்னால் செல்பவர் காற்றைக் கிழிக்க வேண்டும். பின்னால் ஒட்டி வருபவரோ அந்த நிழலில் உழைப்பை மிச்சப்படுத்திக்கொண்டு கடைசி வளைவில் பாய்ந்துவிடலாம். ஆகவே எவரும் முன்னே போக விரும்புவதில்லை. முதல் சுற்று நம் ஊர்க் கோயில் தேரைவிட மெல்ல நகரும். சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுழலும்வரை காலும் சுழல வேண்டும். கடைசி 200 மீட்டரில் மட்டும் மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். டோக்கியோவில் நின்றதுபோல் இன்று நிற்க முடியாது, விதிகள் அதை அரை நிமிடத்துக்குள் அடக்கிவிட்டன. காணொளிக் காலத்தின் பார்வையாளருக்குப் பொறுமை இல்லை என்பது காரணமாக இருக்கலாம். நமக்கென்னவோ அது ஓர் இழப்பாகவே படுகிறது.

அதே டோக்கியோவில்தான் இந்தியச் சைக்கிள்காரர்கள் கடைசியாக ஒலிம்பிக்கில் ஓட்டினார்கள். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1964 டோக்கியோ. அவ்வளவுதான். அதன்பின் 2024 பாரிஸ்வரை ஒரு பெயரும் இல்லை. உலகிலேயே மிக அதிகமாக சைக்கிள் செய்யும் நாடுகளுள் ஒன்று. அம்பத்தூரில் 1949 முதல் சைக்கிள் கம்பெனி வைத்திருக்கும் மாநிலம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற்றிவிட்டதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சமூகம். குரங்குப் பெடல் போட்டுப் பழகாத ஆண்பிள்ளை நம் தலைமுறையில் அரிது. இருந்தும் சைக்கிள் நமக்கு ஊர்தியாகவும் விடுதலையாகவும் இருந்ததேயன்றி விளையாட்டாக ஆகவில்லை.

விளையாட்டாக ஆன இடங்களிலும் அது எளியவர்களின் கதையாகவே இருந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. முதல் உலகச் சாம்பியன் போட்டி 1893இல் சிகாகோவில் நடந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1899இல், மான்ட்ரியலில் ஸ்பிரிண்ட் பட்டத்தை வென்றவர் மேஜர் டெய்லர் என்றழைக்கப்பட்ட மார்ஷல் டெய்லர் என்னும் கறுப்பின அமெரிக்கர். அமெரிக்கச் சைக்கிள்காரர்களின் பெரிய சங்கம் 1894இலேயே கறுப்பர்களுக்கு உறுப்பினர் தகுதி இல்லை என்று தீர்மானித்திருந்தது. ஓடுதளத்தில் வெள்ளை வீரர்கள் கூடிப் பேசிக்கொண்டு அவரை நடுவில் அடைப்பார்கள். விடுதிகள் அறை தர மறுக்கும். பக்தியுள்ள பாப்டிஸ்ட் கிறிஸ்தவரான அவர் பல ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் ஏறவே இல்லை. ‘உலகின் அதிவேகச் சைக்கிள்காரன்’ என்று தன்வரலாறு எழுதி 1928இல் தாமே அச்சிட்டு, வீடுவீடாகச் சென்று விற்றார். 1932இல் சிகாகோவில், பொது மருத்துவமனையின் தரும வார்டில் இறந்து, பெயர்க்கல் இல்லாத குழியில் புதைக்கப்பட்டார். 1948இல்தான் பழைய வீரர்கள் சிலர், ஃபிராங்க் ஷ்வின் என்ற சைக்கிள் முதலாளியின் உதவியோடு, அவர் உடலை எடுத்து முறையாக அடக்கம் செய்தார்கள். தன் புத்தகத்தைத் தானே சுமந்து விற்ற எழுத்தாளர்களை அறிந்த நம் வாசகர்களுக்கு இந்த வாழ்க்கையில் விளக்க வேண்டியது அதிகமில்லை.

அதே 1948இன் நவம்பரில், ஜப்பானின் கொக்குரா நகரில், கெய்ரின் பிறந்தது. போரில் நொறுங்கிய நகரங்களைக் கட்டியெழுப்பப் பணம் வேண்டியிருந்தது. பந்தயம் கட்டிச் சூதாட அனுமதிக்கப்பட்ட சைக்கிள் போட்டியாக அதைத் தொடங்கினார்கள். ஒரு மோட்டார் வண்டி மெதுவாக முன்னே சென்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பின்னால் ஆறேழு பேர். வண்டி விலகியதும் பாய்ச்சல். சூதாட்டத்திலிருந்து புறப்பட்ட இந்தப் பந்தயம் 2000இல் சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. அந்தக் கெய்ரின் உலகத்திலிருந்து வந்த கோஇச்சி நக்கானோ 1977 முதல் 1986 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து தொழில்முறை ஸ்பிரிண்ட் உலகப் பட்டத்தை வேறெவருக்கும் விடவில்லை. ஆசியக் கால்கள் இந்த ஆட்டத்துக்கு ஏற்றவை அல்ல என்ற பேச்சு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். மலேசியாவின் திரங்கானு மாநிலத்தைச் சேர்ந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2016இல் ஒலிம்பிக் வெண்கலம், 2017இல் கெய்ரின் உலகப் பட்டம், டோக்கியோவில் வெள்ளி என்று அதை மறுபடியும் நிறுவினார். 2011இல் மான்செஸ்டரில் விழுந்தபோது ஓடுதளத்து மரச்சிம்பு ஒன்று அவர் கெண்டைக்காலை ஊடுருவி மறுபுறம் வெளிவந்தது. அந்தக் காலோடு எழுந்து எல்லையைக் கடந்து மூன்றாமிடம் பெற்றார்.

இந்தியாவின் முறை வந்தது நாம் சற்றும் எதிர்பாராத திசையிலிருந்து. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் பாடம் நடத்தியவர்கள் அறிவார்கள்: 1025ஐ ஒட்டிய கடாரப் படையெடுப்பில் வென்ற இடங்களின் பட்டியலில் மாநக்கவாரம் என்றொரு பெயர் வருகிறது. இன்றைய நிக்கோபார் அதுவே. வகுப்பில் அந்த இடத்தில் மாணவர்கள் ஒரு கணம் தலைநிமிர்வார்கள். பிறகு பட்டியல் நகர்ந்துவிடும். நம் இலக்கிய நினைவில் நக்கவாரம் வென்றெடுக்கப்பட்ட ஒரு பெயர் மட்டுமே. அங்கே மனிதர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள் என்பது 2004 டிசம்பர் 26 அன்றுதான் பலருக்கு உறைத்தது.

அன்று அதே அலை நம் கரைக்கும் வந்தது. சம்பந்தர் பாடிய மாகாளம் இருக்கும் இரும்பை கடலிலிருந்து சில கல் உள்ளே தள்ளிய மேட்டு நிலம், செம்மண். ஊர் தப்பியது. ஆனால் பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரையிலான குப்பங்கள் தப்பவில்லை. படகும் வலையும் வீடும் போனவர்கள் மேட்டை நோக்கி ஓடிவந்ததை இந்த வட்டாரம் மறக்காது. நமக்கு வந்தது அலையின் நெடும்பயணத்தின் இறுதி. கார் நிக்கோபாரோ நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு நம்மைவிட அருகில் இருந்தது. அங்கே கரையோரக் கிராமங்களே இல்லாமற்போயின.

டெபோரா ஹெரால்டுக்கு அப்போது வயது ஒன்பது. அலை அடித்துச் சென்றபோது ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு, ஐந்து நாட்கள் அதன்மேலேயே இலையும் பட்டையும் தின்று உயிர்பிழைத்ததாகப் பின்னாளைய நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். (நிக்கோபாரியர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். விவிலியத்தை நிக்கோபாரி மொழியில் பெயர்த்த பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டவர். பழைய ஏற்பாட்டின் தெபொராள் போர்க்களத்துக்குத் துணைசென்ற பெண் நியாயாதிபதி என்பது நினைவுக்கு வருகிறது.) அந்தமான் விளையாட்டு மையத்தில் தேர்வாகி, பதின்பருவத்தில் டில்லிக்கு வந்தார். 2010 காமன்வெல்த் போட்டிக்கென இந்திரா காந்தி வளாகத்தில் கட்டப்பட்ட கூரையிட்ட மரத்தளம் அங்கே இருந்தது. போட்டி முடிந்து வெறிச்சோடிக் கிடக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த கட்டடம் அது. 2015 டிசம்பரில் பெண்களுக்கான 500 மீட்டர் பந்தயத்தின் உலகத் தரவரிசையில் டெபோரா 4ஆம் இடத்தில் இருந்தார். நம் செய்தித்தாள்களில் அது எத்தனை வரி பெற்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்குப் பின்னால் அதே தீவிலிருந்து ஈசோ ஆல்பன் வந்தார். அலை வந்தபோது மூன்று வயதுக் குழந்தை. முதலில் துடுப்புப் படகு வலித்துப் பழகி, பிறகே சைக்கிளுக்கு மாறியவர். 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் ஏக்ல் நகரில் நடந்த இளையோர் உலகச் சாம்பியன் போட்டியில் கெய்ரின் இறுதியில் வெள்ளி வென்றார். எந்தப் பிரிவிலும் இந்தியா பெற்ற முதல் உலகச் சாம்பியன்ஷிப் சைக்கிள் பதக்கம் அது. செக் நாட்டு யாக்குப் ஷ்தியாஸ்ட்னியிடம் தோற்ற இடைவெளி 0.017 வினாடி. கண் இமைக்க ஆகும் நேரத்தில் ஒரு சிறு பங்கு.

மறு ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடர். மூவர் அடங்கிய குழு ஸ்பிரிண்ட். ஈசோவோடு மணிப்பூரின் ரொனால்டோ சிங் லைதோன்ஜமும் ரோஜித் சிங்கும். இறுதியில் ஆஸ்திரேலியாவை வென்று தங்கம். இந்தியச் சைக்கிள் வரலாற்றின் முதல் உலகத் தங்கம் இது. அதே போட்டியில் ஈசோ தனிநபர் ஸ்பிரிண்டில் வெள்ளியும் கெய்ரினில் வெண்கலமும் வென்றார். ஸ்பிரிண்ட் பிரேசில் கால்பந்து வீரரின் பெயரைச் சூடிய ஒரு பையனை உலகச் சாம்பியனாக்கிய வேடிக்கை போதாதென்று, கார் நிக்கோபாரிலிருந்து டேவிட் பெக்காம் எல்கடோச்சூங்கோ என்றொருவரும் இதே அணிக்கு வந்துசேர்ந்தார். அவருடைய தந்தை 2004 அலையில் மாண்டவர். பாட்டனார் வளர்த்த பிள்ளை. பெயர் வைத்த தகப்பன் மகன் எந்த விளையாட்டில் ஏறினான் என்பதைப் பார்க்கவில்லை.

இங்கே நம் பத்திரிகை எழுத்தின் வழக்கம் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். இவர்களைப் பற்றிய ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளும் ‘சுனாமியை வென்ற சிறுவன்’, ‘சுனாமிச் சிறுமி’ என்றே தொடங்குகின்றன. அலையை எவரும் வெல்லவில்லை. சிலர் பிழைத்தார்கள், அவ்வளவே. பேரழிவை முன்னுரையாகவும் பதக்கத்தை முடிவுரையாகவும் வைத்துவிட்டால் இடையில் உள்ள பத்தாண்டு உழைப்பு, விடுதி வாழ்க்கை, மொழி தெரியாத டில்லி, எடைப்பயிற்சியில் தடித்த தொடைகள், ஒரு நாளைக்கு இருமுறை அதே 250 மீட்டரைச் சுற்றுதல் எல்லாம் எழுதப்படாமலே போகின்றன. நக்கவாரத்தை மெய்க்கீர்த்தி ஒரு பெயராக்கியதுபோல் நாம் இவர்களை ஒரு சம்பவமாக்கிவிடுகிறோம்.

எழுதப்படாமல் போவதில் கசப்பானவையும் உண்டு. இளையோர் தங்கம் வென்ற பையன்கள் முதியோர் பிரிவுக்கு ஏறவேண்டிய 2020ஆம் ஆண்டைப் பெருந்தொற்று விழுங்கியது. ஸ்பிரிண்டருக்கு எதிராளி இல்லாப் பயிற்சி பாதிப் பயிற்சிதான். எப்போது நிற்பது, எப்போது பாய்வது என்பதைத் தனியாகச் சுற்றிக் கற்க முடியாது. டோக்கியோ வாய்ப்பு நழுவியது. 2022 ஜூனில் டில்லியில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியில் ரொனால்டோ தனிநபர் ஸ்பிரிண்டில் இறுதிவரை சென்றார். ஜப்பானின் கெந்தோ யமசாகியிடம் தோற்று வெள்ளி. முதியோர் பிரிவில் இந்தியாவுக்கு இது ஒரு முதல். ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்புதான், ஸ்லோவேனியாவில் நடந்த பயிற்சிப் பயணத்தில் தலைமைப் பயிற்சியாளர் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக ஒரு வீராங்கனை புகார் அளித்திருந்தார். இந்திய விளையாட்டு ஆணையம் அந்தப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை முடித்து அணியைத் திருப்பி அழைத்தது. வெள்ளிப் பதக்கச் செய்தியையும் இந்தச் செய்தியையும் ஒரே மூச்சில் படிக்க நம் வாசகர்கள் பழகவில்லை. பெரும்பாலோர் ஒன்றை மட்டுமே படித்தார்கள். பதினைந்து வயதில் தீவை விட்டு வரும் ஒரு பெண்பிள்ளைக்கு அணியின் பயிற்சியாளரே காப்பாளராகவும் இருக்கிறார் என்ற ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல் தரவரிசையைப் பற்றி மட்டும் பேசுவது நமக்கு உவப்பாக இல்லை.

வேகத்தின் கணக்கோ இரக்கமற்றது. பாரிஸில் 2024இல் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரைசன் 200 மீட்டரை 9.088 வினாடியில் கடந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் துருக்கியின் கொன்யாவில் பிரிட்டனுக்காக ஓட்டிய மாத்யூ ரிச்சர்ட்சன் 9 வினாடிக்குள் புகுந்த முதல் மனிதரானார்; அடுத்த நாளே அதையும் குறைத்து 8.857. 2022 காமன்வெல்த் போட்டியில் நம்மவர்கள் 10 வினாடியை ஒட்டி நின்றார்கள். அந்த ஒரு வினாடி, அந்த வேகத்தில், இருபது மீட்டருக்கும் மேற்பட்ட தூரம். அதற்குள் கரியிழைச் சட்டமும் தட்டுச் சக்கரமும் காற்றுச் சுரங்கச் சோதனையும் ஆண்டு முழுக்க ஐரோப்பியப் பந்தயங்களும் அடங்கியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தரப்படுகிறது. காலையில் திண்டிவனம் சாலையில் அவை வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். இரும்பையின் செம்மண் சாலையில் ஆரோவில் வெள்ளைக்காரர்களும் சைக்கிளில்தான் போகிறார்கள். ஓடுதளச் சைக்கிளின் எடை அந்தப் பள்ளிச் சைக்கிளில் பாதிகூட இராது. விலை பல லட்சம். சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில், விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில், திறந்தவெளிச் சைக்கிள் ஓடுதளம் ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டியின் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வந்து அந்தச் சரிவில் ஏறி இறங்கினார்கள். திண்டிவனத்திலிருந்து அந்த இடம் பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரப் பயணம். கார் நிக்கோபாரிலிருந்து போர்ட் பிளேர்வரை கப்பல், அங்கிருந்து டில்லிக்கு விமானம்.