பேஜரும் மண்வெட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரியா தீயணைப்பு நிலையத்தை (மெல்பர்ன் புறநகர்) பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைத்திருந்தார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் லாரி, சுருட்டி வைத்த ஹோஸ், மஞ்சள் உடுப்பு, ஆளுக்கொரு பேஜர். லாரி ஓட்டுபவர் வார நாட்களில் பிளம்பராம். சம்பளம் கிடையாது, எல்லாரும் தொண்டர்கள்.

"அப்பா, மூணாறுல இப்படி இருக்கா?" என்றான் பையன். அதற்குத்தான் இந்தப் பதிவு.

இங்கேயும் இது சும்மா வந்துவிடவில்லை. 1939 காட்டுத்தீயில் விக்டோரியாவில் 71 பேர் செத்தார்கள். விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1944-ல் மறுபடி தீ. அதன் பிறகு, 1945-ல்தான் சி.எஃப்.ஏ. உருவானது.

நான் வளர்ந்த எஸ்டேட்டில் எங்கள் தளவாடம் என்ன தெரியுமா? குடம், ஈரச்சாக்கு, மண்வெட்டி, கவாத்துக் கத்தி. காட்டில் தீ என்றால் பச்சைத் தழையை ஒடித்து அடிப்போம். சங்கு ஒன்று உண்டு, அது வேலைக்குக் கூப்பிட!

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். நான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கரண்ட் இல்லை, போன் டவர் வேலை செய்யவில்லை. விடிந்த பிறகுதான் வெளியே தகவல் போனது. வழியில் பெரியவரை தற்காலிகப் பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. முதலில் தோண்டியவர்கள் பக்கத்து லயத்துக்காரர்கள்தான்.

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசும் யோசித்தது. 2019-ல் சிவில் டிஃபென்ஸ் படை அமைக்க முடிவானது: 124 தீயணைப்பு நிலையங்கள், நிலையத்துக்கு 50 தொண்டர்கள். வங்கிக்காரன் புத்தி, பெருக்கிப் பார்த்தேன், 6200 பேர். நல்ல காரியம். ஆனால் சாமான் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் இல்லையா? 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா பக்கம் பாறையில் சிக்கிய இளைஞரை மீட்க, இரண்டு நாள் கழித்து ராணுவம்தான் கயிறோடு வர வேண்டியிருந்தது.

கரண்ட் இல்லாமல் பேசுகிற வயர்லெஸ், நல்ல கயிறு, ஸ்ட்ரெச்சர், ஜெனரேட்டர் விளக்கு. மலை மேல், லயத்துப் பக்கத்திலேயே ஒரு அறையில் இவை இருந்தால் போதும், முதல் சில மணி நேரம் வீணாகாது.

பையனிடம் சொன்னேன்: "ஆளுக்கு அங்க பஞ்சமே இருந்ததில்லடா. கையில குடுக்க சாமான்தான் இல்ல."

வருஷா வருஷம் பொங்கல் விழாவுக்கு வசூல் பண்ணுகிறோமே, ஒரு வருஷம் இதற்கும் பண்ணலாமா? என்ன சொல்கிறீர்கள்?