கல்லாவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல்

பழைய ஜவுளிக்கடைகளில் உட்கார்ந்துதான் வியாபாரம் நடந்தது. தரை முழுக்க மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. வாங்க வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து சம்மணமிட்டு உட்காருவார்கள். விற்பவரும் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் போடுவார். ஓரத்தில் சாய்வு மேசைக்குப் பின்னால் கணக்குப்பிள்ளை, அவர் முதுகுக்கு ஒரு திண்டு. கட்டு எடுத்துவரும் பையன் மட்டும்தான் நின்றுகொண்டிருப்பான். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் சிலவற்றில் இன்றும் இப்படித்தான் புடவை எடுக்கிறோம்.

பிறகு கண்ணாடி மேசை வந்தது. அலமாரி கூரை வரை உயர்ந்தது. சரக்கு பெருகப் பெருகத் தரை சுருங்கியது. வாங்க வருகிறவருக்கு நாற்காலி போட்டார்கள். முதலாளிக்குக் கல்லாவில் நாற்காலி ஏற்கெனவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில், கண்ணாடி மேசைக்கும் அலமாரிக்கும் இடைப்பட்ட இரண்டடிச் சந்தில் நின்றவருக்கு மட்டும் இருக்கை இல்லாமல் போனது. இதை யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. நிற்பதுதான் வேலை என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தச் சந்துக்குள் ஒரு ஸ்டூல் திரும்பி வந்ததைத்தான் இங்கே சொல்ல வந்தேன். வேலை அழுத்தம் என்று பேச்செடுத்தாலே கணினி நிறுவனங்களும், தியான வகுப்புகளும், ஆலோசகர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். மூன்று பேர், ஐந்து பேர் வேலை பார்க்கும் துணிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் மருந்துக்கடையிலும் அழுத்தம் காலில் தொடங்குகிறது. அங்கே முறையிட ஒரு மனிதவள அதிகாரி கிடையாது. முதலாளியே எல்லாம்.

மாலை நேரத்தில் ஏதாவது ஒரு கடைத்தெருவில், கூட்டம் சற்றே ஓய்ந்த துணிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். விற்பனைப் பெண் ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி, உள்ளங்காலை மற்றக் கணுக்காலின்மேல் அழுத்திக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் கால் மாறும். மேற்பார்வையாளர் திரும்பிய நொடியில் இடுப்பு அலமாரி விளிம்பில் சாயும், அவர் பார்வை இந்தப் பக்கம் வந்ததும் நிமிரும். கையில் வேலை இல்லாவிட்டாலும் மடித்து வைத்த புடவையையே எடுத்துப் பிரித்து மறுபடி மடிப்பார். சும்மா நிற்பது தெரியக்கூடாது. நின்ற களைப்போடு, வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டிய களைப்பும் சேர்கிறது. மனத்தை அதிகம் தின்பது இந்த இரண்டாவது களைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

உடம்பில் நடப்பது எளிமையானது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அது மீண்டும் கீழே இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் தசைக்கு வேலை இல்லை, ரத்தம் காலிலேயே தேங்குகிறது. சாயங்காலம் பாதம் வீங்கிச் செருப்பு வார் பதிந்த தடம் தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் வால்வுகள் தளர்ந்து, பச்சை நிறத்தில் முடிச்சு முடிச்சாக நரம்புச் சுருட்டு வருகிறது. இடுப்பு வலி அதற்கு முன்பே வந்துவிடும். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து சென்னை ரங்கநாதன் தெருவுக்கு வேலைக்கு வந்தவர்களின் வாழ்க்கையை 2010-ல் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டியபோது, பண்டிகைக்குத் துணி எடுத்த கடைகளின் உள்பக்கத்தைப் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

மனத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை உதவுகிறது. அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் தொழிலாளர்களிடம் திரட்டிய விவரங்களைக் கொண்டு அவர் சொன்னது இது: வேலை கடுமையாக இருப்பது மட்டுமே ஒருவரை நொறுக்கிவிடுவதில்லை. கடுமையான வேலையும், அந்த வேலையைத் தன் போக்கில் செய்யும் உரிமை இல்லாமையும் ஒருவர் தலையில் சேர்ந்து விழும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. நாள் முழுக்க ஓடியாடும் முதலாளிக்குக்கூட எப்போது உட்காருவது என்று தானே முடிவு செய்யும் சுதந்திரம் இருக்கிறது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்பவருக்குத் தன் முழங்காலை மடக்கவும் இன்னொருவர் தலையசைக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பெரிய மனிதர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதும், யார் யார் யார் முன்னால் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்ததும் பழங்கதை ஆகிவிடவில்லை. அந்தப் பழக்கம் கடைக்குள் வரும்போது ‘கஸ்டமருக்கு மரியாதை’ என்று பெயர் மாற்றிக்கொள்கிறது.

சட்டத்தின் கதையை எடுத்துக்கொண்டால், ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுக் கடைப் பெண்களுக்கு 1899-லேயே இருக்கைச் சட்டம் போட்டுவிட்டார்கள். மூன்று பெண் ஊழியருக்கு ஒரு இருக்கையாவது கடையில் இருக்க வேண்டும். அதே ஆங்கிலேயர்கள் ஆண்ட சென்னைக்கு அது வரவில்லை. சுதந்திரம் பெற்ற 1947-ல் மெட்ராஸ் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. அன்றைய நிலையில் அது பெரிய காரியம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு என்று எழுதியது. உட்காருவதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. மறு ஆண்டு, 1948-ல், தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதன் 44-வது பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, வேலைக்கு இடையே ஓய்வுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படும்படி இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்றது. தறி ஓட்டுகிறவருக்கு உண்டு, அந்தத் தறியில் நெய்த துணியை விற்கிறவருக்கு இல்லை. இந்த இடைவெளி அறுபது ஆண்டுக்கு மேல் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

அதை உறுத்தலாக்கியவர்கள் கோழிக்கோட்டுப் பெண்கள். அவர்களின் சண்டை தொடங்கியது நாற்காலிக்காக அல்ல, கழிப்பறைக்காக. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு நெருக்கமான கடைவீதி. துணிக்கடைகளிலும் தையல் கடைகளிலும் நிறையப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். பல கட்டடங்களில் அவர்களுக்குக் கழிப்பறையே இல்லை. பக்கத்து ஹோட்டலுக்குப் போனால் எதையாவது வாங்கிச் சாப்பிட வேண்டும், போய்வரும் நேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். சிறுநீர்த் தொற்று வந்தது. மாதவிடாய் நாள்களில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நகரத்தில் தையல் வேலை செய்துவந்த பி. விஜி, இந்தப் பெண்களைச் சேர்த்து 2009-ஐ ஒட்டிய காலத்தில் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பெரிய தொழிற்சங்கங்கள் கவனிக்காத கூட்டம் இது. நிரந்தர வேலை கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது, ஒரு கடைக்கு நான்கைந்து பேர்தான். நான்கு பேர் உள்ள கடையில் வேலைநிறுத்தம் செய்தால் மறுநாளே வேறு நான்கு பேரை வைத்துக்கொள்வார்கள். அதனால் கடை கடையாகச் சேராமல், தெருவாகச் சேர்ந்தார்கள். ஒரு கடைப் பெண்ணின் பிரச்சினைக்குப் பத்துக் கடைப் பெண்கள் நின்றார்கள். சிறு நிறுவனங்களில் சங்கம் வைக்க முடியாது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த வழியைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

கழிப்பறைக் கோரிக்கைக்கு அடுத்து வந்ததுதான் ‘இரிக்கல் சமரம்’, உட்காருவதற்கான போராட்டம். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், சுவரில் சாய்ந்தாலும் திட்டுகிறார்கள் என்று பெண்கள் வெளியில் சொல்லத் தொடங்கினார்கள். திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் விற்பனைப் பெண்கள் 2014-ன் கடைசியில் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நீண்டு, கேரளம் முழுக்கப் பேச வைத்தது. ‘கடையில் உட்காரக் கூடாதா?’ என்ற கேள்வியைப் பொதுவெளியில் கேட்டபோது, கூடாது என்று நியாயம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கேட்கும்வரைதான் அந்த வழக்கத்துக்கு உயிர். 2018-ல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

தமிழ்நாட்டில் இப்படித் தெருவை நிறைத்த போராட்டம் நடக்கவில்லை. பக்கத்து மாநிலத்தின் வெற்றி நமக்கும் வழிவிட்டது. 2019 செப்டம்பரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவதற்கு ஒருமனதாக ஆதரவு தெரிவித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். நாள் முழுக்க நிற்பதால் ஊழியர்களுக்குப் பலவித உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று அதன் காரண விளக்கம் ஒப்புக்கொண்டது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்று புதிய பிரிவு சேர்ந்தது. அதைத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். வேலைக்கு இடையே கிடைக்கும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்வது என்ற அந்த வாசகம் ஏறக்குறைய அப்படியே வந்திருக்கிறது. ஆலையிலிருந்து கடைத்தெருவுக்கு வந்து சேர அதற்கு 73 ஆண்டு பிடித்தது. நம் சட்டம் எல்லா ஊழியருக்கும் இருக்கை என்கிறது, ஆண் பெண் பிரிக்கவில்லை, மூன்று பேருக்கு ஒன்று என்று கஞ்சத்தனமும் பண்ணவில்லை. இதற்காக அதை எழுதியவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஸ்டூல் வந்தது. தொழிலாளர் உதவி ஆய்வாளர் வந்து கேட்டால் காட்டுவதற்கு இருக்கிறது. பல கடைகளில் அதன்மேல் பில் புக்கும் தண்ணீர் பாட்டிலும் பழைய கேட்லாக்கும் உட்கார்ந்திருக்கின்றன. பிரிட்டனும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்தது. 1963-ல் அவர்கள் போட்ட அலுவலகம், கடை, ரயில்வே இடங்களுக்கான சட்டத்தில், இருக்கை கொடுத்தால் மட்டும் போதாது, வேலைக்கு இடையூறு இல்லாத நேரத்தில் அதில் உட்கார அனுமதிக்கவும் வேண்டும் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது.

அனுமதி தராத முதலாளிகள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. சிறு கடைக்காரரின் நாளும் கொடுமையானதுதான். காலையில் ஷட்டரைத் தூக்குகிறவரும் ராத்திரி பூட்டுகிறவரும் அவரே. வாடகை, கரண்ட் பில், ஜிஎஸ்டி கணக்கு, தீபாவளிக்குக் கடனுக்கு எடுத்த சரக்கு. சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குச் சோறு சாப்பிட முடியாமல் கல்லாவைக் காத்துக் கிடக்கிறார். எதிர்க்கடையில் கூட்டத்தைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறது. அப்போது தன் கடையில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டால், வியாபாரம் இல்லாததற்கே அதுதான் காரணம்போல் தோன்றிவிடுகிறது. அவர் மேலிருந்து வாங்கும் அழுத்தம் இப்படித்தான் ஒரு சொல்லாக, ஒரு முறைப்பாகக் கீழே இறங்குகிறது. கல்லாவில் இருப்பவரின் பாரத்தைக் குறைக்காமல் மேசைக்குப் பின்னால் நிற்பவரின் பாரத்தை மட்டும் குறைத்துவிட முடியாது.

ஆனால் இரண்டுக்கும் சேர்த்தே செய்யக்கூடியவை உண்டு, பெரும்பாலும் செலவில்லாதவை. மதியம் இரண்டரையிலிருந்து நான்கரை வரை எந்தக் கடைவீதியிலும் ஈ ஓட்டும் நேரம்தான். அந்த நேரத்தில் பாதிப் பேர் உட்காரலாம், பாதிப் பேர் பார்த்துக்கொள்ளலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். யார் எப்போது என்பதை அவர்களே பேசி ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ள விட்டால், முதலாளிக்கு அதைக் கண்காணிக்கும் வேலையும் மிச்சம். பில் போடுகிற வேலையையும் நின்று காட்டுகிற வேலையையும் நாளுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்தால் காலுக்கும் நல்லது, பில் போடத் தெரிந்தவர் இன்னொருவர் உருவாவதால் முதலாளி தானும் அரை மணி நேரம் எழுந்து சாப்பிடப் போகலாம். உட்காரலாம் என்று முதலாளி ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாத அனுமதியைப் பயன்படுத்த யாருக்கும் துணிச்சல் வராது.

இடம் இல்லை என்பது நியாயமான பேச்சு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் இரண்டடிச் சந்துக்குள் ஸ்டூல் போட்டால் கால் இடறும். அலமாரிப் பக்கவாட்டில் கீல் வைத்து மடக்கும் ஒரு பலகை அடித்துவிட்டால் தீர்ந்தது. எந்தத் தச்சரும் ஒரு மதியத்துக்குள் செய்துதருவார்.

வாங்கப் போகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. விற்பனைப் பெண் உட்கார்ந்தபடி விலை சொன்னால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு கல்லாவில் போய்ச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எழ முயலும்போதே ‘உக்காந்தே எடுத்துக் காட்டும்மா’ என்று முந்திக்கொள்ளலாமே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அது உயரம். நின்று வியாபாரம் செய்வதற்கென்று செய்த கண்ணாடி மேசை இடுப்பளவுக்கு மேல் நிற்கிறது. கடைகளில் வாங்கிப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றரை அடி. அதில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் மேசைக்கு மேலே தெரியும், வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது, கை சரக்குக்கு எட்டாது. ஒவ்வொரு முறையும் எழுந்து உட்காருவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று அவர்களே விட்டுவிடுகிறார்கள். உட்கார்ந்தபடியே எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்கும் உயரத்தில், கால் வைக்க ஒரு கம்பியும் முதுகு சாய ஒரு பட்டையும் உள்ள ஸ்டூல் வேண்டும். 22-ஏ பிரிவுக்கு அரசு விளக்கம் எழுதும் நாள் வரும்போது, எத்தனை இருக்கை என்பதோடு எத்தனை அங்குல உயரம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதற்குக் கடை ஊழியர்களையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும்.