பள்ளிகளில் வில்வித்தைப் பயிற்சி: காயத் தடுப்பும் முதலுதவியும்

உடற்கல்விப் பாடவேளையில் வில்வித்தை கற்பிக்கப்படுகிறது என்றவுடன் பெற்றோருக்கு எழும் முதல் அச்சம், அம்பு பிள்ளைகள் மீது பாய்ந்துவிடுமோ என்பதாகும். முறையாக நடத்தப்படும் பயிற்சியில் இது அரிது. முன்கையில் நாண் அடித்து ஏற்படும் கன்றல், விரல் கொப்புளம், தோள்பட்டை வலி ஆகியவையே மிகுதி. எனினும், கண்ணில் அம்பு பட்டால் பார்வை மீளாமல் போகக்கூடும் என்பதால் விதிகளில் தளர்வு கூடாது.

மாணவர்கள் அனைவரும் ஒரே கோட்டில் நின்று எய்ய வேண்டும். விசில் ஒலி இரண்டு எழுந்தால் கோட்டிற்கு வருதல். ஒன்று எழுந்தால் எய்தல். மூன்று எழுந்தால் அம்பு எடுக்கச் செல்லுதல். ஐந்து அல்லது அதற்கு மேல் எழுந்தால் உடனே நிறுத்த வேண்டும். இலக்கிற்குப் பின்னால் நடைபாதையோ வகுப்பறையோ இருத்தல் ஆகாது.

அம்பு எய்யும்போது மட்டுமே ஆபத்து எனக் கருதாதீர்கள். இலக்கை நோக்கி ஓடும் மாணவர் இடறி, குத்தியுள்ள அம்பின் வால்முனை மீது விழலாம். அம்பைப் பிடுங்குபவரின் பின்னால் நிற்பவருக்கு அம்முனை கண்ணில் படலாம். ஆகவே நடந்தே செல்ல வேண்டும். பிடுங்கும்போது மற்றவர்கள் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும்.

அம்பின்றி நாணை இழுத்துவிட்டால் வில் முறியக்கூடும். கைக்கு எட்டாத குட்டையான அம்பு, வில்லைப் பிடித்த கையையே துளைக்கக்கூடும். கைக்காப்பும் விரலுறையும் அணிவதுடன், நீண்ட கூந்தலைக் கட்டி, துப்பட்டாவைச் செருகிக்கொள்ள வேண்டும். முழங்கையை முற்றிலும் விறைப்பாக நீட்டும் மாணவருக்கே நாண் அடிக்கடி படும். கடிந்துகொள்வதை விட முழங்கையைச் சற்றுத் திருப்பக் கற்பிப்பதே பயன் தரும். வளரும் வயதில் வலுமிக்க வில் தோளைப் பாதிக்கும் என்பதால் மென்மையான வில்லில் தொடங்குக.

அம்பு உடலில் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் இரத்தப்போக்கு பெருகும். அசையாதவாறு சுற்றிலும் துணி வைத்துத் தாங்கி, 108 எண்ணை அழையுங்கள். கண்ணில் அடிபட்டால் தேய்த்தல், கழுவுதல், சொட்டு மருந்து இடுதல், அழுத்திக் கட்டுதல் எதுவும் வேண்டா. காகிதக் குவளையால் கண் மீது படாமல் மூடுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவோ நீரோ கொடுக்காதீர்கள். தோல் கிழிந்த காயங்களுக்கு டெட்டனஸ் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்: பள்ளியில் கற்றதை வீட்டில் ஈர்க்குச்சியாலும் குடைக்கம்பியாலும் செய்து பார்க்கும் ஆவல் பிள்ளைகளுக்கு இயல்பு. அங்கே கோடும் இல்லை, விசிலும் இல்லை. அத்தகைய வில்லைக் கண்டால் உடனே அகற்றுங்கள்.