பங்சார் என்னும் பேர்

நாம் தினமும் சொல்கிற 'பங்சார்' என்ற பேர், புங்கே, கிரிசார் என்னும் இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டி வந்தது என்பார்கள். இங்கே அவர்களுடைய ரப்பர்த் தோட்டம் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால் வெட்டிய நம்மவர் பேரை யார் எழுதி வைத்தார்கள்?

பின்னாளில் தோட்டம் வீடமைப்பு நிலமாயிற்று. தோட்டம் கைமாறினால் வேலையோடு லயத்து வீடும் போகும், அதுதான் கொடுமை. 1950களில் நாடெங்கும் தோட்டத் துண்டாடல் பரவியது. அதற்கு வழி தேடிய துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோட்டமாகப் போய் ஆளுக்கு 10 வெள்ளி கேட்டார். கூலிக்காரன் கையில் அது சின்னக் காசா? ஆனாலும் கொடுத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டியவனே பங்குதாரன் ஆனான்.