புல்லும் மூலக்கூறும்: திருவிதாங்கூர் புல்தைலத்தின் வணிக வரலாறு

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய வெள்ளறடையின் மலைச்சரிவுகளில் இன்று கண்ணில் படுவது ரப்பர். நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே திருவிதாங்கூராக இருந்த காலத்தில், அந்நாட்டு மலைகள் உலகச் சந்தைக்கு அனுப்பிய இன்னொரு சரக்கு உண்டு. மலையாளத்தில் அதற்குப் புல்தைலம் என்று பெயர். தமிழில் எலுமிச்சைப்புல் எண்ணெய். பெரும்பகுதி கொச்சித் துறைமுகம் வழியே ஏறியதால் அயல்நாட்டு வணிகர்கள் அதைக் 'கொச்சி எண்ணெய்' என்றனர். விளைந்த நாட்டின் பெயர் சரக்கேட்டிலேயே மறைந்துபோனது.

தொடக்ககால வடிப்பு அஞ்சுதெங்குக்கு வடக்கே மலையடிவாரங்களில் நடந்தது. கோடையில் பழைய தூர்களுக்குத் தீ வைப்பார்கள். மழை விழுந்து புது இலை தழைத்ததும் அறுவடை தொடங்கும். அறுத்த புல்லைச் செம்புக் கலத்தில் நீருடன் இட்டு அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குளிர்ந்து இறங்கும்போது எண்ணெய் நீரின்மேல் மிதக்கும். நூறு கிலோ பச்சைப் புல்லுக்கு அரைக் கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். விறகும் நீரும் மனித உழைப்பும் அந்த அரைக் கிலோவுக்குள் அடக்கம்.

எண்ணெயில் முக்கால் பங்கு அளவுக்கு இருக்கும் சிட்ரால்தான் அதன் விலையைத் தீர்மானித்தது. முதலில் அது சோப்புக்கு எலுமிச்சை மணம் தரும் பொருள் மட்டுமே. 1893இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் டீமனும் குரூகரும் சிட்ராலை அசிட்டோனுடன் வினைப்படுத்தி, வயலட் பூவின் மணம் கொண்ட அயனோனைச் செய்தனர். அரிய பூவின் வாசம் அதன்பின் ஆலையில் உருவாயிற்று. அதற்கான மூலப்பொருளை நம் மலைப்புல் கொடுத்தது. 1947இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ ஐஸ்லரின் குழு பீட்டா-அயனோனிலிருந்து வைட்டமின் ஏ-யைத் தொகுத்தது. வாசனைச் சரக்கு மருந்துக்கும் உணவுக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் மூலமாகிவிட்டது. 1951இல் பெரும்பாவூர் அருகே ஓடக்காலியில் எலுமிச்சைப்புல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். 'சுகந்தி' என்ற ரகம் அங்கிருந்து வந்தது.

ஆனால் மூலக்கூறு ஊர் பார்ப்பதில்லை. அசிட்டிலீனிலிருந்தும் டர்பன்டைனிலிருந்தும் அதே பொருள்களைச் செய்யும் வழிகள் வந்தன. சிட்ரால் மிகுந்த சீனாவின் லிட்சியா எண்ணெயும் போட்டிக்கு நின்றது. இதற்கிடையே 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் இருபுறத்து மலைகளிலும் ரப்பர் பரவியது.

2004இல் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் லுட்விக்ஸ்ஹாஃபனில் ஆண்டுக்கு 40,000 டன் சிட்ரால் செய்யும் ஆலையைத் திறந்தது. மேலே சொன்ன விளைச்சல் கணக்கின்படி, அத்தனை சிட்ராலைப் புல்லிலிருந்து எடுக்க ஒரு கோடி டன்னுக்கும் மேல் புல்லை அறுத்தாக வேண்டும். 2017 அக்டோபர் 31 அன்று அந்த ஆலையில் தீப்பிடித்து உற்பத்தி நின்றபோது, உலகெங்கும் வைட்டமின் ஏ-யின் விலை பாய்ந்து ஏறியது.

புல்தைலத்தின் சரிவுக்கு வேதியியலை மட்டும் குறை சொல்வது போதாது என்பதே என் முடிவு. எண்ணெய் இங்கிருந்து போனது. அயனோனும் வைட்டமினும் அயல்நாடுகளில் உருவாயின. சிட்ரால் சதவீதம் ஒன்றையே விலையாக்கி விற்ற சரக்குக்கு, அந்தச் சதவீதத்தை வேறிடத்தில் மலிவாகத் தருபவர் வந்ததும் நிற்க இடமில்லாமல் போயிற்று.

மிளகுக்கும் கயிறுக்கும் விரிவான வரலாறு எழுதியாயிற்று. எல்லைக்கு இருபுறமும் உள்ள ஆய்வாளர்கள் திருவிதாங்கூர் நிர்வாக அறிக்கைகளையும் சுங்கக் கணக்குகளையும் புல்தைலத்துக்காக மறுபடி வாசிக்க வேண்டும்.