குப்பை என்று ஒதுக்கிய குமிழி

எங்கள் பெரியப்பா எங்கே போனாலும் வெற்றிலைச் செல்லமும் கூடவே போகும். புகையிலை இல்லாமல் அவருக்குத் தாம்பூலம் ருசிக்காது. ஒரு நாள் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு படை தெரிந்தது. "சுண்ணாம்பு பட்டு வெந்துபோச்சு, வேறொண்ணுமில்லே" என்றார். கொஞ்சம் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பயந்து, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார். மறுபடி போனபோது காலம் கடந்திருந்தது.

எச்சிலைப் பார்த்தே நோயைச் சொல்ல முடிந்திருந்தால் அவர் போயிருப்பாரோ? அந்த நினைப்பில்தான் எக்ஸோசோம் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

1983இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன் என்ற அம்மையார் செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த அணு முதிரும்போது, இரும்புச் சத்தை உள்ளே வாங்க உதவிய புரதம் அதற்குத் தேவையில்லாமல் போகிறது. அதை நுண்ணிய குமிழிகளில் ஏற்றி அணு வெளியே தள்ளுவதை அவர் கண்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிலிப் ஸ்டால் குழுவினரும் எலியின் இரத்த அணுக்களில் இதையே கண்டார்கள். 1987இல் அந்தக் குமிழிக்கு எக்ஸோசோம் என்று ஜான்ஸ்டோன் பெயர் வைத்தார். ஆனாலும், செல் தன் குப்பையை வாசலில் கொட்டுகிறது என்றே பலரும் பல காலம் நினைத்திருந்தார்கள்.

1996இல் கிராசா ரபோசோவும் உடன் உழைத்தவர்களும், நோய் எதிர்ப்பு அணுக்கள் விடும் எக்ஸோசோம்கள் மற்ற எதிர்ப்பு அணுக்களைத் தூண்டிவிடுவதைக் காட்டினார்கள். 2007இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் அவற்றுக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது இன்னொரு செல்லில் போய் வேலை செய்வதையும் கண்டார்கள். குப்பை என்று நினைத்தது கடிதமாக இருந்தது!

இதன் குறுக்களவு ஏறக்குறைய 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் எச்சிலிலும் இவை ஏராளம். எச்சிலில் உள்ள நொதிகள் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். குமிழியின் உறை அதைக் காப்பாற்றி வைக்கிறது. புற்று அணு விடும் குமிழியின் சரக்கு, நல்ல அணுவினதிலிருந்து வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கொண்டு வாய்ப்புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்பதே நம்பிக்கை. ஈறு நோயால் கரைந்த எலும்பை மீண்டும் வளர்க்க, ஸ்டெம் செல்கள் விடும் எக்ஸோசோம்களை விலங்குகளிடம் சோதித்து வருகிறார்கள்.

எல்லாம் இன்னும் ஆய்வு நிலையில்தான். இன்றைக்கும் வாய்ப்புற்றை உறுதி செய்வது பெரியப்பா பயந்த அந்தச் சதைச் சோதனைதான். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புப் படையோ இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சுண்ணாம்பின் மேல் பழி போட வேண்டாம்.